நகத்தைப் பார்த்தவர்கள் கிணற்றையும் பார்த்தார்களா?

சென்ற வருடம் ஒரு திங்கட்கிழமை. காலைக் கூட்டம் முடிந்ததும் மாணவத் தலைவிகளான நாங்கள் வழமைபோல ஒவ்வொரு வகுப்பு வரிசையாகச் சென்று நகம், தலைமுடி, சீருடை, சப்பாத்து எல்லாவற்றையும் பார்த்தோம். எனக்குக் கிடைத்தது தரம் 7. வரிசையின் நடுவில் நின்ற ஒரு தங்கையின் நெற்றிக்கு மேலே, வெள்ளைப் பர்தாவின் ஓரத்தில், ஒரு பேன் ஊர்ந்துகொண்டிருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது இப்போது நன்றாகத் தெரிகிறது. அன்று செய்தது வேறு. "தலையில பேன் ஊருது. உம்மாட்ட சொல்லி நல்லா தலை பார்த்துட்டு வாங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்றவள் ஒரு அடி விலகினாள். யாரோ சிரித்தார்கள். நான் அடுத்த பிள்ளையின் நகத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

அந்தத் தங்கை மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த மூன்று நாட்களும் வரவில்லை. வகுப்பாசிரியை விசாரித்தபோதுதான் விடயம் தெரிந்தது. அவளுடைய உம்மா இரண்டு வருடமாக வெளிநாட்டில், ஒரு வீட்டில் வேலை செய்கிறார். அவளையும் இரண்டு தம்பிமாரையும் பார்த்துக்கொள்வது உம்மும்மா. அந்த உம்மும்மாவுக்குக் கண்ணில் வெண்படலம். ஊசியில் நூல் கோர்க்க முடியாதவருக்கு ஈர் எப்படித் தெரியும்? "உம்மாட்ட சொல்லி" என்று நான் சொன்னேனே, அந்த வார்த்தைதான் பேனைவிட அவளை அதிகமாகக் கடித்திருக்கும்.

இதை நான் வீட்டில் என் உம்மும்மாவிடம் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. கொஞ்ச நேரம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, தான் படித்த காலத்துக் கதை ஒன்றைச் சொன்னார். அந்தக் கதையும், அதற்குப் பிறகு நான் தேடி வாசித்தவையும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரை.

உம்மும்மா 1950களில் களுத்துறை மாவட்டத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் படித்தவர். ஓலைக் கூரை போட்ட மண்டபம், அரைச் சுவர், நீளமான வாங்கு. காலில் செருப்பு இல்லை. வகுப்பில் எவருக்குமே இல்லையாம். வாரம் ஒருநாள் ஆசிரியை எல்லோரையும் கையை நீட்டச் சொல்வார். நகத்தில் அழுக்கு இருந்தால் அடிமட்டத்தால் விரல் மொழியில் அடி. அது வழக்கமான சோதனை. அதைவிடப் பெரியது, வருடத்தில் ஒருமுறை டொக்டரும் தாதியும் வரும் நாள். "நேர்ஸ் நோனா வாறா" என்ற செய்தி முதல் நாளே ஊருக்குள் பரவிவிடும். சில வீடுகளில் வயதுக்கு வரப்போகிற பிள்ளைகளை அன்றைக்கு அனுப்பவே மாட்டார்கள். அனுப்புகிற வீடுகளில் அன்றிரவு சவர்க்காரமும் சீப்பும் ஓயாது.

உம்மும்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவள் ஒரு மீனவரின் மகள். அந்தப் பிள்ளையின் வீட்டில் கிணறு இல்லை. தெருமுனைப் பொதுக்கிணற்றில் இருந்துதான் தண்ணீர் தூக்க வேண்டும். உடுப்பும் ஒன்றுதான். தோய்த்தால் காயும்வரை வீட்டுக்குள் இருக்க வேண்டும். பரிசோதனை நாளன்று அந்தப் பிள்ளையின் தலையைக் குச்சியால் விலக்கிப் பார்த்தார்கள். கையில் சிரங்கு இருந்தது. முழங்கையில் தோல் சொரசொரவென்றிருந்தது. வரிசையில் இருந்து வெளியே எடுத்துத் தூணருகே தனியாக நிற்க வைத்தார்கள். பிள்ளைகள் "ஊத்தச்சி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் வரவே இல்லை.

இதைச் சொல்லி முடித்துவிட்டு உம்மும்மா சொன்னார்: "எனக்கும் பேன் இருந்ததுதான் மகள். எங்கட உம்மா முதல் நாள் ராவு விளக்கு வெளிச்சத்துல இருந்து வாரி எடுத்தா. அவள்ட உம்மா அந்தக் கிழம புள்ள பெத்துப் படுத்திருந்தா. அவ்வளவுதான் வித்தியாசம்."

இந்த "அவ்வளவுதான் வித்தியாசம்" என்ற சொல்லை என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே அந்தப் பரிசோதனைகள் ஏன் வந்தன, எதைச் சாதித்தன, எங்கே தவறின என்று தேடினேன்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பாடசாலைச் சுகாதாரப் பரிசோதனை கெட்ட எண்ணத்தில் பிறந்ததல்ல. நம் நாட்டுக்கு அது தேவையாகவே இருந்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் இலங்கையில் இறந்தார்கள். 1946இலும்கூட, உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் 141 குழந்தைகள் முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை. பறங்கிப் புண், கொழுக்கிப் புழு, சொறி, சிரங்கு, கண்நோய் எல்லாம் கிராமத்துப் பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கையில் இருந்தன.

அந்த நிலையை மாற்றுவதற்கு எடுக்கப்பட்ட முயற்சிகளில் முக்கியமானது நமது மாவட்டத்திலேயே நடந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1926இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு களுத்துறையில் ஆரம்பிக்கப்பட்டது. அதற்கு முன்னர் அதே மன்றம் தோட்டப் பகுதிகளில் கொழுக்கிப் புழுவுக்கு மருந்து கொடுத்து வந்தது. மருந்து கொடுத்தால் புழு வெளியேறும். ஆனால் மலசலகூடம் இல்லாத இடத்தில் அதே மனிதர் அதே மண்ணில் வெறுங்காலுடன் நடப்பார்; புழு திரும்பவும் வரும். மருந்தை மட்டும் கொடுத்துப் பயனில்லை, வீட்டையும் கிணற்றையும் கழிவறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை அந்த அனுபவம் கற்றுக்கொடுத்தது. ஒரு பிரதேசத்துக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவரின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், தாதி, மருத்துவமாதுகள் என்ற அமைப்பு அப்படித்தான் உருவானது. நோய் வந்தபின் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குப் பதிலாக, நோய் வருமுன்னர் அவர்களே வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வருவார்கள். பாடசாலைப் பரிசோதனை அந்த வேலையின் ஒரு பகுதி.

1945இல் இலவசக் கல்வி வந்தது. அதற்கு முன் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத வீட்டுப் பிள்ளைகளும் வாங்கில் வந்து அமர்ந்தார்கள். கிராமத்துப் பிள்ளை ஒன்றை ஒரு டொக்டர் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரே இடம் பல ஊர்களில் பள்ளிக்கூடமாகத்தான் இருந்தது. என் உம்மும்மாவே அதற்குச் சாட்சி. ஒரு பரிசோதனையில் டொக்டர் அவரது கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "இரத்தம் இல்லை" என்று சொல்லிப் பூச்சி மருந்து கொடுக்க வைத்தாராம். அதுவரை வகுப்பில் அவருக்குக் கிடைத்த பட்டம் "தூங்குமூஞ்சி". கொழுக்கிப் புழுவின் குடம்பி உள்ளங்கால் தோலைத் துளைத்து உட்புகுந்து, கடைசியில் குடலில் தங்கி இரத்தம் உறிஞ்சும் என்பதை உயிரியல் படிக்கும் நான் படம் வரைந்து பெயரிட்டிருக்கிறேன். அது என் உம்மும்மாவின் குடலிலும் இருந்தது என்று நினைக்கும்போது அந்தப் படம் வேறுமாதிரித் தெரிகிறது. சோம்பேறி என்று எல்லோரும் நினைத்த பிள்ளையை நோயாளி என்று கண்டுபிடித்தது அந்தப் பரிசோதனைதான். அதற்காக அந்த முகம் தெரியாத டொக்டருக்கு நான் துஆச் செய்கிறேன்.

1949இல் கசநோய்க்கு எதிரான பீ.சீ.ஜீ. தடுப்பூசி இலங்கைக்கு வந்தது. 1950களில் பாடசாலைப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் தாதிமாரை மஹரகமையில் பயிற்றுவிக்கத் தொடங்கினார்கள். இன்று நம்முடைய பாடசாலைகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் இருந்து வந்து தரம் 1, 4, 7, 10 மாணவர்களைப் பரிசோதிக்கிறார்களே, அது அந்தப் பழைய மரத்தில் காய்த்த பழம்தான்.

அப்படியானால் தவறு எங்கே?

அதைப் புரிந்துகொள்ள இந்தப் பரிசோதனை முறையின் பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டும். நம்மை அப்போது ஆண்ட இங்கிலாந்தில் 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால்தான் பாடசாலை வைத்தியப் பரிசோதனை கட்டாயமானது. தென்னாபிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது, ஏழை வீட்டு இளைஞர்களில் பெருந்தொகையானோர் உடல் தகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அரசாங்கம் விழித்துக்கொண்டது. ஆனால் அங்கே நடந்த வரிசையைக் கவனியுங்கள். பசியோடு வரும் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவு கொடுப்பதற்கு உள்ளூராட்சி அமைப்புகளுக்கு அதிகாரம் வழங்கிய சட்டம் 1906இல் வந்தது. பரிசோதனைச் சட்டம் அதற்கு அடுத்த வருடம். அதற்கும் முன்பாகவே, 1890களில், பிராட்போர்ட் என்ற தொழிற்சாலை நகரத்தில் மார்கரெட் மெக்மிலன் என்ற பெண்மணி பாடசாலைக்குள்ளேயே பிள்ளைகள் குளிப்பதற்கு இடம் வேண்டும் என்று போராடினார். வீட்டில் குளிக்க வசதியில்லாத பிள்ளையிடம் "ஏன் குளிக்கவில்லை?" என்று கேட்பதில் என்ன அர்த்தம் என்பதுதான் அவருடைய வழி. முதலில் தண்ணீரும் சோறும், பிறகு கேள்வி.

அங்கேயும் எல்லாம் சரியாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. பேன் பார்க்க வரும் தாதியைக் கண்டு அந்த நாட்டுப் பிள்ளைகளும் நடுங்கினார்கள். அந்தத் தாதிக்குப் பட்டப்பெயரே "ஈர்த் தாதி" என்ற பொருளில்தான் வைத்தார்கள். அவமானம் எல்லா நாட்டுப் பிள்ளைக்கும் ஒரேமாதிரித்தான் சுடும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இங்கும் இலவச மதிய உணவு கொடுக்கப்பட்டது. 1953இல் அரசாங்கம் அரிசி விலையை 25 சதத்தில் இருந்து 70 சதத்துக்கு உயர்த்தியபோது, அந்த மதிய உணவையும் நிறுத்தியது. அந்த வருடம் ஆகஸ்ட் 12இல் நாடெங்கும் நடந்த ஹர்த்தாலுக்கு இவையும் காரணம். வரலாற்றுப் புத்தகத்தில் ஹர்த்தாலைப் பற்றிய பகுதியில் இது ஒரு வரி. என் உம்மும்மாவின் வகுப்பில் அது ஒரு வாங்கு நிறையப் பசித்த பிள்ளைகள். சாப்பாடு நின்றது, நகம் பார்ப்பது நிற்கவில்லை. வயிற்றைப் பார்க்காமல் நகத்தைப் பார்த்தால் அதற்குப் பெயர் சுகாதாரமா?

அந்த மீனவரின் மகளுடைய முழங்கைத் தோல் சொரசொரவென்று இருந்தது என்று உம்மும்மா சொன்னாரே, அதைப் பற்றியும் வாசித்தேன். கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்ற வைத்திய ஆய்வாளர் 1930களிலேயே இந்தக் குறியைப் பற்றி எழுதியிருக்கிறார். தேரையின் தோலைப்போல முழங்கையிலும் தொடையிலும் சொரசொரப்பு வருவது உயிர்ச்சத்து ஏ போதாமையின் அடையாளம் என்றார். வேறு சத்துக் குறைகளும் அதற்குக் காரணமாகலாம் என்று பிற்காலத்தில் கண்டார்கள். எப்படியோ, அது சத்துக் குறைபாடு. உரசிக் கழுவினால் போகிற அழுக்கு அல்ல. உம்மும்மாவின் தோழிக்கு இருந்தது அதுவேதான் என்று என்னால் உறுதியாகக் கூற முடியாது. ஆனால் அப்படிப்பட்ட எத்தனை பிள்ளைகளை "தேய்த்துக் குளி" என்று ஏசி அனுப்பியிருப்பார்கள்? அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு கரண்டி மீனெண்ணெயும் ஒரு பிடி கீரையும்.

பேன் விடயமும் அப்படித்தான். பேன் அழுக்குத் தலையைத் தேடி வருவதில்லை. அதற்குச் சுத்தமான தலையும் ஒன்றுதான், அழுக்கான தலையும் ஒன்றுதான். அது பறக்காது, பாயாது. ஒரு தலை மற்றத் தலையோடு முட்டும்போது ஊர்ந்து செல்லும். இரகசியம் பேசும்போதும், ஒரே புத்தகத்தை இரண்டு பேர் குனிந்து வாசிக்கும்போதும், செல்பி எடுக்கும்போதும் அது வீடு மாறும். ஆகவே பேன் அதிகம் பிடிப்பது தோழிகள் அதிகமுள்ள பிள்ளைக்குத்தான்! தலையில் இருந்து கீழே விழுந்தால் இரண்டு நாளுக்கு மேல் அதனால் வாழ முடியாது. பேனால் அரிப்பு வரும், தூக்கம் கெடும், சொறிந்தால் புண் வரும். ஆனால் அது ஒருவரின் ஒழுக்கத்தையோ குடும்பத்தையோ அளக்கும் அளவுகோல் கிடையாது. பேன் இருக்கிறது என்பதற்காக ஆரோக்கியமான எந்தப் பிள்ளையையும் பாடசாலையில் இருந்து விலக்கக் கூடாது என்றே அமெரிக்காவின் குழந்தை வைத்தியர்களின் அமைப்பு இன்று அறிவுறுத்துகிறது. நாமோ அந்தப் பிள்ளையை வரிசையில் இருந்து விலக்குகிறோம்.

இதை நான் கூறும்போது என் தோழி ஒருத்தி கேட்டாள்: "அப்ப ஒன்றையும் பார்க்கவே கூடாதா? நாலு பேருக்கு முன்னால சொன்னாத்தானே வெட்கப்பட்டாவது திருந்துவாங்க?" பெற்றோர்கள் சிலரும், ஏன் ஆசிரியர்கள் சிலரும்கூட இப்படி நினைக்கக்கூடும். இது தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. பார்க்காமல் விட்டால் ஒரு தலையில் இருக்கும் பேன் மற்றப் பிள்ளைகளுக்கும் பரவக்கூடும் என்பது உண்மை. பர்தாவுக்குள் இருப்பது வெளியே தெரியாது என்பதால் நாம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதும் உண்மை.

ஆனால் வெட்கம் திருத்தும் என்ற கதையை என் உம்மும்மாவின் கதை பொய்யாக்கிவிட்டது. அந்த மீனவரின் மகள் திருந்தவில்லை, படிப்பை விட்டாள். எனது தரம் 7 தங்கை நான்கு நாட்கள் வரவில்லை. அந்த நான்கு நாட்களிலும் அவளுடைய பேன் எங்கும் போகவில்லை. போனது அவளது பாடம்தான். இன்னுமொன்று. வெட்கப்பட்ட பிள்ளை அடுத்தமுறை மறைக்கப் பழகும். பர்தாவை இன்னும் இறுக்கிக் கட்டும். பரிசோதனை நாளில் வயிற்றுவலி என்று சொல்லும். கண்டுபிடிப்பதற்காகச் செய்யும் சோதனை ஒளிப்பதற்குக் கற்பித்தால் அந்தச் சோதனையால் என்ன பயன்?

எனது மார்க்கம் தூய்மையை ஈமானோடு சேர்த்துச் சொல்லித் தந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை வுழூ எடுக்கும் சமூகம் நாம். நகம் வெட்டுவதும் பல் துலக்குவதும் நமக்கு வணக்கத்தோடு ஒட்டியவை. அதே மார்க்கம்தான் ஒருவரின் குறையைக் கண்டால் அதை மறைத்து, அவருக்குத் தனிமையில் எடுத்துச் சொல்லும்படியும் கற்பித்தது. முதலாவதை நாம் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். இரண்டாவதை மறந்துவிட்டோம்.

ஆகவே என் கருத்து இதுதான்: சோதனை வேண்டும், சபை வேண்டாம். கண்டுபிடிப்பதோடு நிற்காமல், தீர்ப்பதற்கு வழியும் கையில் இருக்க வேண்டும்.

இதை எப்படிச் செய்வது? பெரிய செலவு தேவையில்லை. தலை பார்ப்பதை மைதானத்தில் செய்யாமல், நோயாளர் அறையிலோ ஒரு திரைக்குப் பின்னாலோ ஒவ்வொருவராகச் செய்யலாம். எல்லோரும் உள்ளே போய் எல்லோரும் வெளியே வந்தால் யாருக்கு என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. யாருடைய தலையிலாவது பேன் கண்டால் அந்தப் பிள்ளையின் பெயர் வெளியே வரத் தேவையில்லை. "இந்த வகுப்பில் பேன் இருக்கிறது. இந்த வெள்ளி, சனி இரண்டு நாட்களும் எல்லோருடைய தலையையும் பாருங்கள்" என்று வகுப்பிலுள்ள அத்தனை வீட்டுக்கும் ஒரே கடிதம் போகட்டும். ஒரு வீட்டில் மட்டும் பார்த்தால் பேன் அடுத்த வாரம் பக்கத்து வாங்கில் இருந்து திரும்பி வரும். எல்லா வீட்டிலும் ஒரே நாளில் பார்த்தால்தான் அது போகும். ஈர் பொரிப்பதற்கு ஒரு வாரத்தில் இருந்து பத்து நாள் வரை எடுக்கும். ஆகவே ஒருமுறை வாரிவிட்டு நிறுத்தாமல், தலையை நனைத்து எண்ணெயோ கண்டிஷனரோ தடவி, பேன் சீப்பால் சில நாளைக்கு ஒருமுறை இரண்டு மூன்று வாரம் வார வேண்டும்.

வாரிவிட ஆளில்லாத பிள்ளைகள் நம் மத்தியில் இருக்கிறார்கள். உம்மா வெளிநாட்டில், வாப்பா கடையில், உம்மும்மாவுக்குக் கண் தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு துண்டுக் கடிதத்தால் என்ன ஆகும்? அந்த இடத்தில்தான் மாணவத் தலைவிகளாகிய நமக்கு உண்மையான வேலை இருக்கிறது. குறிப்புப் புத்தகத்தில் பெயர் எழுதுவதற்குப் பதிலாக, வகுப்பாசிரியையிடம் மெதுவாகச் சொல்லி, சீப்பை நாமே கையில் எடுக்கலாம்.

பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகளின் தலையில் பேன் இருந்தால் "எவள்ட்ட இருந்து கொண்டு வந்தாய்?" என்று கேட்காதீர்கள். "இன்னாரோடு இருக்காதே" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அந்த வார்த்தை அடுத்த நாள் வகுப்பறைக்கு வந்து ஒரு பிள்ளையைத் தனி வாங்கில் இருத்திவிடும். 1950களின் தூணும் இன்றைய தனி வாங்கும் ஒன்றுதான்.

பொறுப்பிலுள்ள பெரியவர்களிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. நாட்டில் எத்தனையோ பாடசாலைகளில் மலசலகூடத்துக் குழாயில் பத்து மணிக்குப் பிறகு தண்ணீர் வருவதில்லை. சவர்க்காரம் வைத்தால் காணாமல் போய்விடும் என்பதால் வைப்பதேயில்லை. அந்த இடத்துக்குப் போக விருப்பமில்லாமல், காலையில் இருந்து இரண்டு மணி வரை ஒரு மிடறு தண்ணீரும் குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதத்தில் சில நாட்கள் அவர்கள் வீட்டிலேயே நின்றுவிடுவதற்கும் இதுவே காரணம். எங்கள் நகத்தைப் பாருங்கள், தவறில்லை. அதே நாளில் குழாயையும் திறந்து பாருங்கள். களுத்துறையில் நூறு வருடத்துக்கு முன் தொடங்கிய வேலையின் முதல் பாடமே அதுதான்: மனிதரை மட்டும் பார்த்தால் போதாது, அவர் நிற்கும் மண்ணையும் குடிக்கும் தண்ணீரையும் பார்க்க வேண்டும்.

அந்தத் தரம் 7 தங்கை ஐந்தாவது நாள் வந்தாள். இடைவேளையில் அவளைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பரவாயில்ல தாத்தா" என்றாள். பரவாயில்லை என்று சொல்பவர்களின் குரல் அப்படி இருக்காது.

அதற்கடுத்த வாரம் ஆசிரியையின் அனுமதியுடன், பாடசாலை விட்ட பிறகு நானும் என் வகுப்புத் தோழி ஒருத்தியும் அவளோடு நூலகத்துக்குப் பின்னாலுள்ள வராந்தாவில் அமர்ந்தோம். தேங்காயெண்ணெய் தடவி மெதுவாக வாரினோம். மூன்று வாரம் பிடித்தது. முதல் நாள் அவள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது வாரம் தன் தம்பிமாரைப் பற்றிச் சொன்னாள். மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமைகளில் உம்மா வீடியோவில் பேசும்போது முதலில் கேட்பதே "தல வாரினியா மகள்?" என்றுதான் என்று சொன்னாள்.

இப்போதும் திங்கட்கிழமைகளில் நான் வரிசை பார்க்கிறேன். நகம் வளர்ந்திருந்தால் குனிந்து காதோடு சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கிறது. முதலாவது பாடத்துக்குச் சில நாட்களில் இரண்டு நிமிடம் பிந்திப் போகிறேன். உம்மும்மாவின் வாங்கில் அந்தப் பிள்ளைக்காக அந்த இரண்டு நிமிடத்தை யாராவது கொடுத்திருந்தால், இன்று அவருக்கும் கையெழுத்துப் போடத் தெரிந்திருக்கும். பேரப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டவும் தெரிந்திருக்கும்.